சான்று கேட்பவளிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில். முப்பது ஆண்டுகளாகக் கணக்குத் தணிக்கை வேலை. அம்மா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார், பெரியண்ணன் காவடி எடுப்பார், நானும் இருபத்தாறு வயது வரை வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போனவள்தான். அப்புறம் நம்பிக்கை போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அதிலிருந்து தீபாவளி விருந்து, கல்யாண வீடு, சாவு வீடு என்று எங்கே போனாலும் உறவுக்காரர்கள் ஏதாவது கேட்கிறார்கள். இப்போது அண்ணன் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நின்றுகொண்டே அரைகுறையாகப் பதில் சொல்வது எனக்கும் திருப்தியாக இல்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

கடவுள் இல்லை என்று சொல்கிறாயா?

இல்லை. “இருக்கிறார் என்று ஏற்றுக்கொள்ளும் அளவுக்குச் சான்று என் கைக்கு வரவில்லை” என்றுதான் சொல்கிறேன். தணிக்கையில் ஒரு நிறுவனம் பத்து லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கையிருப்பு இருப்பதாகக் காட்டினால், “பணம் இல்லை” என்று நான் எழுதுவதில்லை. சரிபார்க்க முடியாத தொகையை உறுதிசெய்து கையெழுத்துப் போடவும் மாட்டேன். கடவுள் விஷயத்திலும் நான் நிற்பது அந்த இடத்தில்தான்.

“சார்பற்ற சான்று” என்று அடிக்கடி சொல்கிறாயே, அது என்ன?

என் வேலையிலிருந்தே சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் வங்கி இருப்பைச் சரிபார்க்க அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் போதாது. அது அவர்களே எழுதியது. நிறுவனம் எடுத்துத் தரும் வங்கிக் கடிதமும் போதாது, ஏனென்றால் அது அவர்கள் கைவழியாக வந்தது. வங்கியே நேராக எங்கள் அலுவலகத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும். முதலாளி நேர்மையானவரா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. ரொம்ப நல்லவராக இருந்தாலும் இதுதான் முறை. ஏனென்றால் நல்லவர்களும் தப்பாக எண்ணுவார்கள்.

அப்படியென்றால், ஏற்கெனவே நம்புகிறவர் மட்டும் பார்க்கக்கூடிய ஒன்று சார்பற்ற சான்று ஆகாது. நம்பாதவரும், வேறு சாமியை நம்புகிறவரும் தனித்தனியாகப் போய்ப் பார்த்து ஒரே முடிவுக்கு வர வேண்டும்.

2007 செப்டம்பரில் ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு மரத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது பலருக்கு நினைவிருக்கும். அடிமரத்தில் பட்டை புடைத்து, குரங்கு உட்கார்ந்திருப்பதுபோல ஓர் உருவம். சீனர்கள் ஊதுவத்தி கொளுத்தி, இது குரங்குக் கடவுள் சன் வுகோங் என்றார்கள். நம் ஆட்கள் கைகூப்பி, ஆஞ்சநேயர் என்றார்கள். வாழைப்பழம் குவிந்தது. நானும் அம்மாவோடு போயிருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் உருவம் உண்மையாகவே குரங்கு மாதிரிதான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மரத்துக்குக் காயம் பட்டால் அந்த இடத்தை மூடத் திசு வளர்ந்து புடைத்துக்கொள்ளும். எந்தச் சாலையோர மரத்திலும் இதைப் பார்க்கலாம். மேகத்திலும் சுவர்க் கறையிலும் முகம் கண்டுபிடிக்கும் பழக்கம் நம் மூளைக்குப் பிறப்பிலேயே உண்டு.

எனக்குப் பெரிதாகத் தோன்றியது வேறு. அதே புடைப்பு சீனப் பாட்டிக்குச் சீனக் கடவுளாகவும் என் அம்மாவுக்கு இராமதூதனாகவும் தெரிந்தது. குரங்கு உருவத்தைக் காட்டியது மரம். அது எந்தக் கடவுள் என்ற பதில் மட்டும் அவரவர் வீட்டிலிருந்து வந்தது.

கோவிலில் கிடைத்த நம்பர் அடித்ததே, அது எப்படி?

இந்தக் கேள்வி என் மாமாவுடையது. 4டி என்ற நாலு இலக்க லாட்டரிச் சீட்டு எடுப்பவர் அவர். கனவில் வந்த எண், கோவில் வாசலில் நின்ற வண்டியின் எண், சாமியாடி சொன்ன எண் என்று எடுத்து, இரண்டு முறை பரிசும் வாங்கியிருக்கிறார். அவர் சொல்வது பொய் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். 4டி குலுக்கலில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு. கோவிலில் எண் கிடைத்தது என்று 1,000 பேர் ஆளுக்கு ஓர் எண் எடுத்தால், சாமி ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரியாக 2 பேருக்குப் பரிசு விழும். புதன், சனி, ஞாயிறு என்று வாரம் மூன்று குலுக்கல். ஓராண்டில் அந்த ஆயிரம் பேருக்குள் சராசரியாக 350 முறைக்கு மேல் பரிசு விழும். விழுந்தவர் கோப்பிக்கடையில் உட்கார்ந்து எல்லாருக்கும் சொல்வார். விழாத 998 பேர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள், அவர்கள் கதை யார் காதிலும் விழாது. நம் காதுக்கு வருவதெல்லாம் பரிசு விழுந்த கதைகள்தான்.

மாமாவிடம் ஒன்று கேட்டேன். ஓராண்டு முழுக்க, எடுத்த ஒவ்வொரு எண்ணையும் செலவழித்த வெள்ளியையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதினார். ஆண்டு முடிவில் நோட்டை என்னிடம் காட்டவில்லை, ஆனால் எண் எடுப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டார். கோவிலுக்குப் போவதைக் குறைக்கவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

அலகு குத்தினால் ரத்தம் வருவதில்லை, பூக்குழி இறங்கினால் கால் சுடுவதில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

எனக்கே நெடுநாள் பதில் தெரியாமல் இருந்த கேள்வி இது. என் அண்ணன் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை காவடியோடு நடந்ததை நான் பக்கத்திலேயே நடந்து பார்த்திருக்கிறேன். கன்னத்தில் வேல் இறங்கும்போது அவர் முகத்தில் வலி தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள், நானும் மறக்கவில்லை.

ஆனால் தாய்லாந்தின் பூக்கெட்டில் ஆண்டுதோறும் நடக்கும் சைவ உணவுத் திருவிழாவில் சீனப் பக்தர்கள் கன்னத்தில் அதைவிடத் தடித்த கம்பிகளைக் குத்திக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். அவர்கள் வணங்குவது ஒன்பது பேரரசர் தெய்வங்களை. முருகனை அவர்களுக்குத் தெரியாது. முருகன் காப்பாற்றுகிறார் என்றால் அவர்களைக் காப்பாற்றுவது யார்? நாற்பது நாள் விரதம், மேளம், கூட்டம், வேல் வேல் என்ற முழக்கம், “வலிக்காது” என்ற உறுதி எல்லாம் சேர்ந்தால் உடம்பே வலியை அடக்கும் வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. கூர்மையான மெல்லிய ஊசி தோல் மடிப்பைத் துளைத்தால் ரத்தம் கொஞ்சம்தான் வரும், குத்திய கம்பியே துளையை அடைத்தும் கொள்ளும்.

பூக்குழிக்கும் இதே கேள்விதான். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலில் ஐப்பசியில் இறங்குகிறார்கள். பல்கேரியாவிலும் கிரேக்கத்திலும் கிறிஸ்தவப் புனிதர்களின் பெயரைச் சொல்லி இறங்குகிறார்கள். ஜப்பானில் மலைத் துறவிகள் இறங்குகிறார்கள். எந்தச் சாமியும் இல்லாமல், தன்னம்பிக்கைப் பயிற்சி என்று காசு கட்டி இறங்கும் அலுவலகக்காரர்களும் உண்டு.

அடுப்பு வைத்து கேக் சுடுகிறவர்களுக்குப் புரியும். ஓவனுக்குள் 180 டிகிரி. கையை உள்ளே நீட்டும்போது அந்தக் காற்று சுடுவதில்லை. உள்ளே இருக்கும் தட்டில் விரல் பட்டால் உடனே கொப்புளம். காற்றும் தட்டும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. உலோகம் சூட்டைச் சட்டென்று கடத்தும், காற்று கடத்தாது. மரக்கரியும் அதன்மேல் படிந்த சாம்பலும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் ஒவ்வோர் அடியிலும் ஒரு நொடிக்கும் குறைவாகவே படுகிறது. நின்றுவிட்டால் சுடும், இடறி விழுந்தால் கடுமையாகச் சுடும், காயம்பட்டவர்களும் உண்டு. கரிக்குப் பதில் அதே சூட்டில் இரும்புத் தகடு போட்டால் எந்தப் பக்தரையும் இறங்க நான் விடமாட்டேன். அண்ணனும் விடமாட்டார், அவரிடமே கேட்டிருக்கிறேன்.

காவடி எடுக்கிறவரின் மன உறுதியை இது துளியும் குறைக்கவில்லை. அத்தனையும் அவருடைய உழைப்பு. விரதம் இருந்தது அவர், நடந்தது அவர்.

1995-இல் பிள்ளையார் பால் குடித்தாரே?

செப்டம்பர் 21. டில்லியில் தொடங்கி ஒரே நாளில் லண்டன் சவுத்தால் வரை போய்விட்ட செய்தி. அன்றே இந்திய அரசின் அறிவியலாளர்கள் பாலில் நிறம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பால் சிலைக்குள் போகவில்லை, மேற்பரப்பில் மெல்லிய படலமாக வழிந்து இறங்கியது.

பல ஆண்டுகள் கழித்து அம்மாவின் சம்மதத்தோடு வீட்டில் இருந்த சின்னக் கல் பிள்ளையாரிடம் இதைச் செய்து பார்த்தோம். நிறத்துக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை, பண்டோங் பானம் கலக்கும் ரோஜா சிரப் அடுப்படியில் இருந்தது. தளும்பத் தளும்ப ஒரு கரண்டி, தும்பிக்கை நுனியில் மெல்லத் தொட்டு லேசாகச் சாய்த்தோம். பால் குறைந்தது. “பார்த்தியா!” என்றார் அம்மா. அப்புறம் பிள்ளையாரின் தொந்தி வழியாக ஒரு இளஞ்சிவப்புக் கோடு இறங்கிப் பீடத்தில் தேங்கியது. அம்மா ஈரத்துணி எடுத்துத் துடைத்துவிட்டு, “சரி, இது இல்ல” என்றார். பிள்ளையாரை நம்புவதை அவர் விடவில்லை. பால் குடித்ததைச் சொல்வதை விட்டுவிட்டார். நேர்மையான மனுஷி.

வேண்டுதலால் நோய் குணமாகிறதே?

அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2006-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்காகப் பிரார்த்தனை நடந்தது, ஆனால் தங்களுக்கு நடக்கிறதா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியாது. இன்னொரு குழுவுக்கு நடக்கவில்லை, அவர்களுக்கும் தெரியாது. மூன்றாவது குழுவிடம் “உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம்” என்று சொல்லியே செய்தார்கள். அறுவைக்குப் பின் சிக்கல் வந்தவர்கள் முதல் குழுவில் 52 விழுக்காடு, இரண்டாவதில் 51, மூன்றாவதில் 59. பிரார்த்தனையால் உதவி எதுவும் தெரியவில்லை.

“கடவுள் சோதனைக்கு உட்பட மாட்டார்” என்பார்கள். ஏற்கிறேன். ஆனால் அளந்து பார்க்கும்போது ஒளிந்துகொள்வார் என்றால், அளக்காத வேளையில் குணமாக்கினார் என்று எதை வைத்துச் சொல்வது? ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்துக்குப் போகும் தோழி ஒருத்தி பிரான்சிலுள்ள லூர்துவின் அற்புதங்களைச் சொல்வாள். 1858 முதல் கோடிக்கணக்கானவர்கள் போயிருக்கிறார்கள், திருச்சபையே ஆராய்ந்து அற்புதம் என்று ஏற்றது சுமார் 70. திருச்சபை இவ்வளவு கறாராக இருப்பதை மதிக்கிறேன். ஆனால் தானாகக் குணமாகும் நோய் உலகில் எல்லா ஊரிலும் உண்டு. வெட்டி எடுத்த கால் மறுபடி முளைத்தது என்று அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை.

என் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோது நான்கு கோவிலில் அர்ச்சனை நடந்தது. அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய் அம்மாவுக்காக அவர் பிள்ளைகள் தினமும் குர்ஆனின் யாசின் அத்தியாயத்தை ஓதினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதான் ஏறியது. என் அம்மா பிழைத்தார், அவர் பிழைக்கவில்லை. “முருகன் காப்பாற்றினான்” என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொன்னபோது என்னால் சேர்ந்து சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகம் கண்முன் நின்றது. அவர்கள் வேண்டியதில் என்ன குறை?

கண்ணால் பார்த்தால்தான் நம்புவாயா? காற்று தெரிகிறதா, அன்பு தெரிகிறதா?

இந்த வழக்கு தமிழில் மிகப் பழையது. மணிமேகலையின் 27ஆவது காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் “உங்கள் கொள்கை என்ன?” என்று கேட்கிறாள். முதலில் பேசுகிற அளவைவாதி கொள்கையைச் சொல்வதற்கு முன் அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, வரிசைப்படுத்துகிறான்: காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று. எதை வைத்து ஒன்றை உண்மை என்று கொள்வது என்ற பேச்சுக்கு நம்மிடம் அப்போதே சொற்கள் இருந்தன. சான்று கேட்பது வெள்ளைக்காரனிடம் கற்ற பழக்கம் என்பவர்கள் அந்தக் காதையை ஒருமுறை படிக்க வேண்டும்.

கடைசியில், பூதங்களால் ஆனதே உலகம் என்று சொல்லும் பூதவாதி வருகிறான். கண்ணால் காண்பது மட்டுமே அளவை, கருதி அறிவது செல்லாது என்கிறான். மணிமேகலை அவனிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். நான் அவள் பக்கம். கண்ணால் காண்பது மட்டும் போதாது, கருதி அறிவதும் வேண்டும். காற்று தெரியாது, ஆனால் கிளை அசைவதை, பலூன் புடைப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அம்மாவின் அன்பு தெரியாது, ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது மூடிவைத்த சோறு தெரியும். கடவுளைப் பற்றியும் அப்படியொரு தடயத்தைத்தான் தேடுகிறேன்.

வேதம், ஆகமம், திருமுறை, பைபிள், குர்ஆன் எல்லாம் சான்று இல்லையா?

நம்பிக்கையாளர்கள் என்ன நம்பினார்கள் என்பதற்கு மிக நல்ல சான்று. அவர்கள் நம்பியது உண்மை என்பதற்குச் சான்று ஆகாது. ஒவ்வொரு நூலும் தன்னையே சாட்சியாக நிறுத்துகிறது, ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கிறது. திருவாசகத்தை நான் இன்றும் படிக்கிறேன், சில இடங்களில் தொண்டை அடைக்கிறது. மாணிக்கவாசகர் எவ்வளவு உருகினார் என்பது அந்தப் பாட்டில் தெரிகிறது. எதை நினைத்து உருகினாரோ அது இருக்கிறதா என்பதைப் பாட்டு காட்டவில்லை.

இத்தனை பேர் நம்புகிறார்களே, எல்லாரும் முட்டாளா?

இல்லவே இல்லை. நான் பார்த்ததிலேயே புத்திசாலியான மூன்று பேரில் இரண்டு பேர் பக்தர்கள். ஆனால் ஆள்கணக்கு உண்மையைச் சொல்லாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரில் பௌத்தர் 31.1 விழுக்காடு, கிறிஸ்தவர் 18.9, முஸ்லிம் 15.6, தாவோயிஸ்ட் 8.8, இந்து 5. சமயம் இல்லை என்றவர்கள் 20. தலை எண்ணி முடிவெடுத்தால் முருகன் இங்கே தோற்றுவிடுவார், யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் ஜெயிப்பார். உண்மை ஊருக்கு ஊர் மாறக்கூடாது.

அப்படியென்றால் உலகத்தைப் படைத்தது யார்?

எனக்குத் தெரியாது. “யார்” என்று கேட்கும்போதே ஓர் ஆளைக் கேள்விக்குள் வைத்துவிடுகிறோம். கணக்கில் எங்கே போனது என்று தெரியாத தொகையை நாங்கள் “தெரியாதது” என்றே ஒரு தலைப்பில் வைப்போம். யாராவது ஒருவர் பெயரில் எழுதினால் வேலை போய்விடும்.

சிங்கப்பூரில் இப்படியெல்லாம் பேசலாமா?

பேசலாம், பண்போடு. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு சமயச் சுதந்திரத்தைத் தருகிறது. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990-இல் நிறைவேறியது. ஒரு சமயத்தாரை இழிவுபடுத்துவதும் பகையை மூட்டுவதும் குற்றம். எனக்கு அது தடையாகத் தோன்றவில்லை, இழிவுபடுத்த எனக்கு ஆசையும் இல்லை.

தமிழர்களுக்கு இது புதுப் பேச்சும் இல்லை. பெரியார் 1929 கடைசியில் மலாயா, சிங்கப்பூர்ப் பயணம் வந்தார். 1932-இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. அதில் முன்நின்ற கோ. சாரங்கபாணிதான் 1935-இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இந்தப் பேச்சுகளைக் கேட்டு சாதிப் பெயரைவிட்டார், நெற்றித் திருநீற்றை மட்டும் விடவில்லை. அவரவர் எங்கே நிற்பது என்று அவரவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

கோவிலுக்கே போவதில்லையா?

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவருக்கு முழங்கால் வலி, படியேற என் தோள் வேண்டும். உள்ளே அவர் கும்பிடும்போது நான் கும்பிடுவதில்லை, சும்மா நிற்பேன். திருநீறு கொடுத்தால் வாங்கி அம்மா நெற்றியில் வைத்துவிடுவேன். நாகசுரம் கேட்கப் பிடிக்கும். இதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

எதைக் காட்டினால் மனம் மாறுவாய்?

இதை என்னிடம் நேர்மையாகக் கேட்டவர் எங்கள் புளோக்கில் மூன்றாவது மாடியில் இருக்கும் ஓர் அண்ணன். அவர்மேல் அருள் வரும், குறி சொல்வார், அதற்குக் காசு வாங்க மாட்டார். “என்ன செஞ்சா நீ நம்புவ தங்கச்சி?” என்றார்.

யோசித்துச் சொன்னேன். என் மகள் ஒரு நாலு இலக்க எண்ணைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிடட்டும். அந்த எண் எனக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவள் அந்த நேரம் வீட்டிலேயே இருக்கக்கூடாது. அருள் வரும்போது அண்ணன் அந்த எண்ணைச் சொல்லட்டும். குருட்டாம்போக்கில் சரியாக வர பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான். ஒருமுறை சரியாகச் சொன்னால் உட்கார்ந்து யோசிப்பேன். வேறு வேறு எண்களை வைத்து மூன்று முறை சரியாகச் சொன்னால் நான் இங்கே எழுதிய பலவற்றைத் திருத்தி எழுதுவேன்.

அவர் கோபப்படவில்லை, ஒத்துக்கொண்டார். ஆடி வெள்ளியன்று வந்தார். கற்பூரம் ஏற்றி, கண்ணை மூடி, நெடுநேரம் கழித்து ஓர் எண்ணைச் சொன்னார். உறையைப் பிரித்தோம். ஒரு இலக்கம்கூட அந்தந்த இடத்தில் இல்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னிக்கு மனசு சரியில்ல, வேற ஒண்ணு எழுதி வைக்கச் சொல்லு, இன்னொரு நாள் பார்க்கலாம்” என்றார். தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

மகள் அன்று இரவே வேறு எண் எழுதி ஒட்டித் தந்தாள். டிவி அலமாரியில் வைத்திருக்கிறேன். அவர் வரும் அன்று பிரிப்போம்.